சிறுத்தையும் நாமும்

விழா மலரொன்றிற் கட்டுரை எழுதப் புகுவோர் கல்லூரியின் பழம்பெருமையையேனும் தம் ஆசிரியரின் அருங்குணங்களையேனும் எடுத்துரைத்தல் வழக்கம். அவ்வழக்கத்தை நாம் பெரிதும் மதிக்கின்றோம். ஆயினும், இம்மலரைக் கையிலெடுப்போருள் மன்னார்த் தீவினரும், மாந்தை, மடு, முசலிப் பகுதியினரும் பலர் உளர். ஆதலின், அவர்தம் வேலியோரம் வரை வந்து நிற்கும் ஒரு பிரச்சினையைப் பற்றி இங்கே சில சொல்ல விரும்புகின்றோம். காட்டில் வாழும் சிறுத்தைக்கும் ஊரில் வாழும் மனிதனுக்கும் இடையே இருக்கவேண்டிய உறவு யாது என்பதே அப்பிரச்சினை.

மனிதனுக்கே ஆயிரம் குறைகள் இருக்கும்போது விலங்கைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்போர் இருத்தல் கூடும். அவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகின்றோம். 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் 21ஆம் நாள், கிளிநொச்சி நகரை அடுத்த அம்பாள்குளம் என்னும் ஊருக்குள் ஒரு சிறுத்தை புகுந்தது. பத்துப்பேர் வரையில் அதனாற் காயமுற்றனர். அவர்களுள் வனசீவராசிகள் திணைக்களத்தைச் சேர்ந்த ஒருவரும் இருந்தார். ஊரார் திரண்டு, பொல்லுகளால் அதனை அடித்தே கொன்றனர். கொன்றதைப் படம் பிடித்து உலகெங்கும் பரப்பினர். அதனைக் கண்ட நாடு கொதித்தது. சிலர் கைதாகி நீதிமன்றில் நிறுத்தப்பட்டனர். மயக்க ஊசி செலுத்தத் தக்க ஆயத்தத்தோடு எவரும் உரிய வேளையில் வந்து உதவவில்லை என்று அவ்வூரார் கூறியதும் அந்நாட் செய்திகளில் வெளிவந்தது.

அப்படத்தைக் கண்டபோது நாம் இருவகை வெட்கத்துக்கு ஆளானோம். சாகும் விலங்கைச் சூழ்ந்து நின்று ஆரவாரிக்கும் கூட்டத்தில் நம் மொழியே ஒலித்தது. இது முதலாவது வெட்கம். இரண்டாவது இதனினும் ஆழமானது. இரத்தம் வழிய நின்ற அந்த ஊராருக்கு என்ன செய்யவேண்டுமென ஒருவரும் முன்னரே சொல்லிக் கொடுத்ததில்லை. அழைத்தால் வருவார் யார் என்பதும் அவர்கள் அறியார். அவர்களைக் கண்டித்து எழுதியோரிற் பெரும்பாலார், சிறுத்தை ஒருபோதும் வந்தறியாத நகர வீதிகளிலே இருந்தவர்கள். நாமும் அத்தகையோருள் ஒருவரே. குற்றம் அடித்த கைகளுக்கு மட்டும் உரியதன்று. கற்றவர் எனப்படும் நமக்கும் அதிற் பங்குண்டு. இதனை மனத்திற்கொண்டே மேலே எழுதுகின்றோம்.

மன்னார்த் தீவிலே நிற்பவனுக்குச் சிறுத்தை நினைவுக்கு வாராது. அங்கே அவன் காண்பன வீதியிற் படுத்துறங்கும் கழுதைகளும், பள்ளிமுனையிலே பருத்து நிற்கும் பெருக்கமரமும், உப்பளமும், பனையும், கடலுமே. ஆனால் தாம்போதியைக் கடந்து பெருநிலத்தில் அடிவைத்தவுடன் நாடு வேறாகின்றது. கட்டுக்கரைக் குளத்து வயல்களுக்கு அப்பால் கிழக்கே மடுக்காடு. தெற்கே சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்னும் ஊர்களையும் கடந்து சென்றால் வில்பத்துப் பெருங்காடு. பாலையும் வீரையும் முதிரையும் செறிந்து, இடையிடையே வில்லு எனப்படும் இயற்கை நீர்நிலைகள் பளிங்குபோல் விளங்கும் அந்நிலம், இலங்கைச் சிறுத்தைகள் மிக அடர்ந்து வாழும் இடங்களுள் ஒன்றாகும். மன்னார் மாவட்டத்தின் பெருநிலத்து ஊர்கள் பல இவ்விரு காடுகளின் ஓரத்தில் அமைந்தவை என்பதை நாம் மறத்தலாகாது.

வேங்கைப்புலியும் சிங்கமும் இன்று இலங்கையில் இல்லை. இத்தீவின் காட்டிலே ஊனுண்ணும் விலங்குகளுட் தலைமை வகிப்பது சிறுத்தையே. உலகில் வேறெங்கும் இல்லாத தனி உட்பிரிவாக இதனை 1956ஆம் ஆண்டில் அறிஞர் தெரணியகல வகுத்தார். இதற்கு அறிவியலார் வழங்கும் பெயரின் ஈற்றில், புலியைக் குறிக்கும் 'கொட்டியா' என்ற சிங்களச் சொல் அமைந்துள்ளது. வளர்ந்த சிறுத்தைகள் தீவு முழுவதிலும் ஆயிரத்துக்குக் குறைவாகவே உள்ளன என்பது அறிஞர் மதிப்பீடு. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இதனைக் காக்கின்றது. 2021ஆம் ஆண்டிலே ஓகஸ்ட் முதலாம் நாள் இலங்கைச் சிறுத்தை நாளென அறிவிக்கப்பட்டது. சட்டமும் உண்டு, நாளும் உண்டு. ஆயினும் சிறுத்தை செத்துக்கொண்டே இருக்கின்றது.

எதனாற் சாகின்றது? பெரும்பாலும் துவக்கினால் அன்று, கம்பிச் சுருக்கினால். வயலை உழக்கும் காட்டுப்பன்றிக்கெனவும் இறைச்சிக்கெனவும் வைக்கப்படும் சுருக்கு, பன்றியையும் சிறுத்தையையும் வேறுபிரித்தறிவதில்லை. 2020ஆம் ஆண்டு மே மாதத்திலே மலைநாட்டு லக்சபானாத் தோட்டத்தில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று இவ்வாறே சுருக்கில் அகப்பட்டது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்று மருத்துவம் செய்தும் அது சில நாளில் இறந்தது. அச்சுருக்கை வைத்தவன் சிறுத்தையை வெறுத்தவனாக இருந்திருக்க வேண்டுவதில்லை. அவன் அதனை நினைத்தே இருக்கமாட்டான். நினையாமையே இங்குப் பெருங்கேடு.

இனி, சிறுத்தை ஏன் ஊருக்குள் வருகின்றது என்பதைச் சிறிது ஆராய்வோம். அது தனித்து வாழும் இயல்பினது. தாய் தன் குட்டியை ஏறக்குறைய இரண்டு ஆண்டுவரை உடன்வைத்து வளர்க்கின்றது. வளர்ந்த பின்னர் இளைய ஆண் தனக்கென ஓர் எல்லையைத் தேடிப் புறப்படல் வேண்டும். காடு தொடர்ச்சியாக இருப்பின் அது ஒருவர் கண்ணிலும் படாமல் நடந்து சென்றுவிடும். தொடர்ச்சி அறுந்து, இடையில் வீதியும் குடியிருப்பும் தோன்றினால், இரவிலே அவற்றினூடாகப் போகும். விடியுமுன் மறைவிடம் அடையாதாயின் அகப்பட்டுக்கொள்ளும். அகப்பட்ட சிறுத்தையைச் சுற்றிக் கூட்டம் கூடுமாயின், அதற்குத் தெரிந்த வழி ஒன்றே: பாய்தல். மனிதரைத் தின்னும் விருப்பத்தால் அது பாய்வதில்லை. மனிதரை உண்ணப் பழகிய சிறுத்தை நம் நாட்டு வரலாற்றில் மிக அருமை. மட்டக்களப்புப் புகையிரதப் பாதையிலே புணானையில் பலரைக் கொன்று, 1924ஆம் ஆண்டிற் சுடப்பட்ட சிறுத்தையின் கதை இன்றளவும் பேசப்படுகின்றதெனின், அத்தகைய நிகழ்ச்சியின் அருமையே அதற்குக் காரணம்.

மன்னார்க் காட்டின் கதை, விலங்கின் கதை மட்டும் அன்று. மனிதர் பட்ட துன்பத்தின் கதையுமாம். வில்பத்து 1905ஆம் ஆண்டிற் சரணாலயமாகவும் 1938ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. 1985ஆம் ஆண்டிலே பூங்காக் காவலர் பலர் கொல்லப்பட்டனர். பின்னர் அது மூடப்பட்டது. 2003ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு மே மாதத்திலே அங்கே கண்ணிவெடியிற் சிக்கி எழுவர் மாண்டனர். போரின் இருபுறத்தாரையும் வில்பத்துக் காட்டினூடே ஒன்றாக நடத்திச் சென்ற ஆங்கில நாவலை எழுதிய நிஹால் டி சில்வா அவர்களுள் ஒருவர். மீண்டும் மூடப்பட்ட பூங்கா 2010ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது.

அக்காட்டுக்கு வடக்கே வாழ்ந்த மக்களின் நிலை யாது? முசலிப் பகுதியின் முஸ்லிம் மக்கள் 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் பிறந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டனர். முள்ளிக்குளத்துக் கத்தோலிக்க மக்கள் 2007ஆம் ஆண்டில் ஊரை விட்டு அகன்றனர். ஆளில்லாத ஊரிலே காடு ஏறியது. வளவிலே பாலை முளைத்தது. கிணற்றடியிலே மான் நீரருந்தியது. மானைத் தொடர்ந்து சிறுத்தை வந்தது. போர் முடிந்து மக்கள் திரும்பியபோது, 2012ஆம் ஆண்டிலும் 2017ஆம் ஆண்டிலும் வெளிவந்த வர்த்தமானி அறிவித்தல்கள் அந்நிலத்தின் பெரும்பகுதியை ஒதுக்கப்பட்ட வனமாக்கின. தம் பழைய காணிகளும் அதனுள் அகப்பட்டன என்பது அம்மக்களின் முறையீடு. மறுபுறத்தில், 2020ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே மேன்முறையீட்டு நீதிமன்றம், வில்பத்துக்கு வடக்கே கல்லாற்று வனத்தில் மீள்குடியேற்றத்துக்கென நிகழ்ந்த காடழிப்புச் சட்டத்துக்கு மாறானதெனத் தீர்த்து, மீண்டும் மரம் நடப் பணித்தது.

இவ்விரண்டில் ஒன்றை மட்டும் எடுத்து முழங்குவோர் நம் நாட்டிற் பலர். காட்டை விரும்புவோர் திரும்பி வந்தவனை ஆக்கிரமிப்பாளன் என்கின்றனர். மக்களுக்காகப் பேசுவோர் காட்டின் பெயராற் கூறப்படும் யாவும் சூழ்ச்சி என்கின்றனர். இரு சாராரும் இனத்தின் பெயரை இதனுள் இழுத்து விடுவதால் உண்மை மேலும் மறைகின்றது. நம் கருத்து இது: விரட்டப்பட்டவன் தன் வீட்டுக்குத் திரும்புதல் உரிமை, அவ்வுரிமையின் நிழலிலே, ஒருகாலும் ஊராக இருந்திராத பெருங்காட்டைப் புல்டோசர் கொண்டு தள்ளுதல் உரிமையன்று. இவ்விரண்டையும் பிரித்தறிதல் அரிதன்று. பழைய உறுதிகளும், பழைய நில அளவைப் படங்களும், குளங்களும் கிணறுகளும், பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் எது ஊர், எது காடு எனச் சாட்சி சொல்லும். தலைநகரிலே மேசையில் விரித்த படத்தில் கோடு இழுப்பதற்கு முன், இச்சாட்சிகளைக் கேட்டிருத்தல் வேண்டும். கேளாமல் இழுத்த கோட்டை மனிதனும் மதியான். சிறுத்தையோ அறியவே அறியாது.

புத்தளத்திலிருந்து எலுவன்குளம் வழியாக மன்னாருக்குச் செல்லும் பழைய காட்டுப் பாதையைப் பற்றிய வழக்கும் இத்தன்மையதே. அதனைப் பெருவீதியாக்குதல் தகாது எனச் சூழற் பாதுகாப்பு அமைப்புகள் 2010ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றை நாடின. சுற்றுவழியே செல்லும் மன்னார் மக்களின் வருத்தம் மெய்யானது. அதனை நாம் எள்ளமாட்டோம். எனினும், இரவிலும் விரையும் வாகனங்களுக்குத் தேசியப் பூங்காவின் நடுவே வழிவிட்டால், முதலிற் சாவது இரவிலே நடமாடும் விலங்கே. மதவாச்சி வழியான புகையிரதப் பாதை 2015ஆம் ஆண்டிலே தலைமன்னார் வரை மீண்டும் திறக்கப்பட்டது. அச்சேவையைப் பெருக்குதலும், உள்ள வீதிகளைச் செப்பஞ் செய்தலும், பூங்காவைப் பிளப்பதினும் நல்ல வழி என்பது நம் துணிபு.

மனிதன் சிறுத்தையின் அயலிலே வாழுதல் இயலுமா என ஐயுறுவோர் பம்பாய் நகரை நோக்குக. இன்று மும்பை எனப்படும் அப்பெருநகரின் எல்லைக்குள்ளேயே, நூறு சதுர கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா உள்ளது. நாற்புறமும் இலட்சக்கணக்கான மக்கள் நெருங்கி வாழ, உள்ளே பத்துக்கணக்கான சிறுத்தைகள் வாழ்கின்றன. 2004ஆம் ஆண்டளவில் அங்கே மனிதர்மேல் நிகழ்ந்த தாக்குதல்கள் பெருகி நகரமே நடுங்கியது. ஆராய்ந்தவர்கள் கண்ட காரணங்களுள் ஒன்று எதிர்பாராதது: வேற்றிடங்களிற் பிடித்த சிறுத்தைகளை அப்பூங்காவிற் கொண்டுவந்து விட்டமை. இடம் பெயர்த்த சிறுத்தை தன் பழைய எல்லையைத் தேடி அலைகின்றது, கலக்கமுற்றுத் தாக்குகின்றது. அது விட்டுவந்த இடமும் வெறுமையாக இருப்பதில்லை. வேறொரு சிறுத்தை அதனை நிரப்புகின்றது. பிடித்துக்கொண்டு போங்கள் என நாம் கேட்பது, ஒரு வீட்டுத் தீயை எடுத்து மற்றொரு வீட்டுக் கூரையில் எறியச் சொல்வது போன்றதாம்.

பின்னர், 2011ஆம் ஆண்டு தொடங்கிப் பூங்கா அதிகாரிகளும் ஆராய்ச்சியாளரும் நகரத்தாரும் பத்திரிகையாளரும் கூடிச் செயற்பட்டனர். குப்பையை அகற்றினால் நாய் குறையும். நாய் குறைந்தால் அதனைத் தேடிவரும் சிறுத்தையும் குறையும் என உணர்த்தினர். பிள்ளைகளை இருளில் தனியே விடாமையும், விளக்கிடுதலும், சிறுத்தையைக் கண்டாற் கூட்டங்கூடாமல் அதற்கு வழிவிடுதலும் கற்பிக்கப்பட்டன. தாக்குதல்கள் முற்றாக ஒழிந்தன என்று சொல்லமாட்டோம். பின்னரும் சில உயிர்கள் போயின. ஆயினும் அச்சம் அறிவுக்கு இடங்கொடுத்தது. அங்கே வாழும் வார்லிப் பழங்குடியினர் வாகோபா என்னும் புலித் தெய்வத்தை வழிபடுவோர். அவர்களுக்கு இவ்வறிவு புதியதன்று. நகரத்தாருக்கே அது புதியதாயிற்று.

நமக்கும் அது புதியதன்று. புலித்தோலை அரைக்கசைத்த பெருமானையே நாம் திருக்கேதீச்சரத்திலே தொழுகின்றோம். தில்லைக்குப் புலியூர் என்று பெயரிட்டவர்கள் நம் முன்னோர். வன்னியிலே தேனெடுக்கவும் விறகு வெட்டவும் காட்டிற்குட் புகுவோர், வழியிலே குழை முறித்து மரக்கிளையிலே தொங்கவிட்டு ஐயனாரை வணங்கிச் செல்லும் வழக்கம் இருந்தது. 'இது பிறர் இல்லம். விடைபெற்றுப் புகுகின்றோம்' என்பதே அக்குழையின் பொருள். வில்பத்துக் காட்டினுள்ளே பொன்பரப்பியில், இறந்தோரைத் தாழியிலிட்டு அடக்கஞ் செய்த மிகப் பழைய ஈமக்காடு அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளது. மனிதனும் சிறுத்தையும் அந்நிலத்தில் அயலவராக வாழ்ந்தது நேற்று இன்று அன்று.

அயலவன் நல்லவனாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. பட்டியிலே கன்றை இழந்தவனிடம் சிறுத்தையின் அழகை வருணித்தல் அறிவீனம். அவனுக்கு ஒரு கன்று என்பது ஒரு பிள்ளையின் கல்விச் செலவு. எனவே, காத்தல் என்பது அவன் கைப்பொருளிலிருந்து நடைபெறலாகாது. இதனைக் கருத்திற் கொண்டு ஐந்து யோசனைகளைக் கூறுகின்றோம்.

முதலாவது, கம்பிச் சுருக்கும் கட்டுத்துவக்கும் வைத்தலைச் சட்டத்தினால் மட்டும் ஒழித்தல் இயலாது. பன்றியால் அழியும் பயிருக்கு மாற்றுக் காவலும், அழிந்ததற்கு ஈடும் கிடைக்கச் செய்தாலே கமக்காரன் சுருக்கைக் கைவிடுவான். இரண்டாவது, காட்டோர ஊர்களின் மாட்டுப்பட்டிகளை, இரவிற் கன்றுகளேனும் பத்திரமாக அடைபடும்படி உயர்த்தி வலுப்படுத்த உதவி செய்தல் வேண்டும். இழந்த கன்றுக்குரிய பணம் அடுத்த மாரி வருமுன் கைக்கு வருதலும் வேண்டும். மூன்றாவது, கோழி, மாட்டிறைச்சிக் கழிவுகளை ஊர்ப்புறத்திற் கொட்டுவதைப் பிரதேச சபைகள் நிறுத்துதல் வேண்டும். நான்காவது, மயக்க ஊசியும் கூடும் தேர்ந்த விலங்கு மருத்துவரும் கொண்ட குழுவொன்று வடக்கிலேயே எந்நேரமும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அதனை அழைக்கும் தொலைபேசி எண் ஒவ்வொரு பாடசாலைச் சுவரிலும் எழுதப்படல் வேண்டும். குழு வரும்வரை கூட்டத்தை விலக்கி நிறுத்தும் பொறுப்பு பொலிசாருக்கு உரியது. ஐந்தாவது, வன எல்லைகளை வகுக்கும்போது ஊராரை உடனழைத்துச் சென்று கல் நாட்டல் வேண்டும்.

இவை அரசாங்கத்தின் கடமைகள் என்று சொல்லி நாம் கைகழுவுதல் கூடாது. நம் பழைய மாணவருள் நிருவாக சேவையினரும், மருத்துவரும், சட்டத்தரணிகளும், நில அளவையாளரும், பிறநாடுகளிற் பொருளீட்டுவோரும் உளர். கோயிற் கோபுரத்துக்கும் கல்லூரி மண்டபத்துக்கும் கொடுத்துச் சிவந்த கைகள், மடுக்காட்டோரத்து ஏழை ஒருவனின் பட்டிக்கு நான்கு தூண் கொடுத்தலாலே குறைந்துவிடமாட்டா. சட்டம் படித்தோர் முசலி மக்களின் உறுதிகளை ஒழுங்குசெய்து கொடுத்தால், அதுவும் காட்டைக் காக்கும் பணியே. தன் காணி தனக்கு உறுதியான ஒருவன் பிறர் காட்டை நாடான்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். விலங்கியல் வகுப்பிலே ஆபிரிக்கச் சிங்கத்தின் பல்லமைப்பை விளக்குகின்றோம். நம் அயலிலுள்ள சிறுத்தையைக் கண்டால் என்ன செய்வதென்று சொல்லிக் கொடுப்பதில்லை. முதுகு காட்டி ஓடலாகாது, குனிந்து இருத்தலாகாது, அதனை நோக்கியபடியே மெல்லப் பின்வாங்கல் வேண்டும், அதன் வழியை மறித்தலாகாது: இந்நான்கையும் கற்பிக்க அரை மணி நேரம் போதும். அம்பாள்குளத்தில் அந்த அரை மணி நேரப் பாடம் முன்னரே நடந்திருந்தால், ஒருவேளை மனிதரும் காயமுறார், விலங்கும் மடிந்திராது.

மாணவச் செல்வங்களே, போரிலே நாம் இழந்தவற்றுட் பல மீளமாட்டா. மீண்டுவந்த மிகச் சிலவற்றுள் இக்காடும் ஒன்று. அதனோடு அதன் சிறுத்தையும் மீண்டது. உங்கள் பிள்ளைகள் ஒருநாள் இக்கல்லூரியின் நூற்றாண்டு மலர்களைப் புரட்டும்போது, சிறுத்தை என்பது படத்தில் மட்டும் காணும் பொருளாக இருத்தலாகாது. அதே வேளையில், காட்டோரத்துப் பிள்ளை ஒருத்தி விடியற்காலையில் அஞ்சாமல் பாடசாலைக்கு நடந்து வருதலும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே நடைபெறக் கூடியவை என்பதே நாம் சொல்ல வந்தது. அதனை மெய்ப்பித்துக் காட்டுதல் உங்கள் கையில் உள்ளது.